ஒரு கிராம் கரியில் 37 சென்ட்

கரி என்றாலே நமக்கு ஏளனம்தான். மானம் போனால் முகத்தில் கரி பூசிவிட்டார்கள் என்கிறோம். பாத்திரத்தில் கரி ஒட்டினால் சாம்பல் போட்டுத் தேய்க்கிறோம். ஆனால் விருதுநகர் மாவட்டத்து மக்கள் பலருக்குக் கரி சோறு போடும் பொருள். நரிக்குடி, திருச்சுழி வட்டாரங்களில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் கரித்தூள் வெடியுப்போடும் கந்தகத்தோடும் சேர்ந்து, வாணமாகவும் வெடியாகவும் உருவெடுக்கிறது. இரண்டு இடங்களிலும் கரியின் முடிவு ஒன்றுதான்: எரிந்து தீர்ந்து போவது.

மாணவ நண்பர்களே, எரியாமலேயே ஆற்றலைத் தரும் கரியும் உண்டு என்றால் நம்புவீர்களா? அந்தக் கரி தன் உடம்பில் உள்ள நுண்துளைகளின் சுவர்களில் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். வேண்டும்போது சில நொடிகளில் திருப்பித் தரும். மறுபடியும் ஏற்றிக்கொள்ளும். இப்படி இலட்சக்கணக்கான தடவை செய்தாலும் கரி தீராது. ‘சூப்பர் கெப்பாசிட்டர்’ என்று வழங்கும் கருவிக்குள் நடப்பது இதுதான். நாம் அதை மீமின்தேக்கி என்று அழைப்போம்.

எரியும் கரிக்கும் எரியாத கரிக்கும் பொதுவான இரகசியம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பரப்பு. அதைத்தான் இக்கட்டுரையில் படிப்படியாகக் காணப் போகிறோம்.

எரியும் கரியின் கணக்கு

கார்த்திகைத் திருநாளில் மாவளி சுற்றியிருக்கிறீர்களா? ஆண் பனையின் பூக்கதிரைக் குழியில் இட்டு எரித்துக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கித் துணியில் பொதிந்து, பனை மட்டைக்கிடையே கட்டி நெருப்பு வைத்துச் சுழற்றுவார்கள். பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். இதில் உப்பும் இல்லை, கந்தகமும் இல்லை. வெறும் கரித்தூளும் காற்றும்தான். சுழற்றச் சுழற்றக் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரித்துகள்களின் மேல் மோதுகிறது. துகள்கள் கனன்று பறக்கின்றன.

வெடிமருந்தில் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கருமருந்தின் வாய்பாடு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் அடங்கியிருக்கிறது. ஆக, எரிபொருளும் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பொறி பட்டால் போதும்.

இங்கே பரப்பின் வேலையைக் கவனியுங்கள். அடுப்பில் கிடக்கும் கரிக்கட்டி மெதுவாகக் கனல்கிறது. அதே கரியை மாவாக அரைத்து வெடியுப்போடு கலந்தால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடுகிறது. கரி மாறவில்லை; எரியும் வேதிவினையின் அடிப்படையும் மாறவில்லை. ஆக்சிஜன் தொடக்கூடிய மேற்பரப்புதான் பெருகிவிட்டது. ஒரு கட்டியின் வெளித்தோலில் மட்டும் நடந்த வினை, இப்போது கோடிக்கணக்கான துகள்களின் தோலில் ஒரே நேரத்தில் நடக்கிறது. புஸ்வாணத்தில் கரியைச் சற்றுப் பருமனாகச் சேர்த்தால், அத்துகள்கள் உடனே எரிந்து தீராமல் கனன்றபடியே மேலே எழும்பிப் பொறியாகத் தெரியும். வெடிக்கு நுண்தூள், பொறிக்குப் பருந்தூள். பரப்பைக் கூட்டிக் குறைத்து நெருப்பின் வேகத்தை மாற்றுவது பட்டாசுத் தொழிலின் அடிப்படைக் கலைகளில் ஒன்று.

ஒரு கிலோ கருமருந்து எரியும்போது சுமார் 30 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. ஆனால் அது ஒரே ஒரு முறை. அதை ‘பாதி போதும், நிறுத்து’ என்று சொல்ல முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதியில் மறந்தவர் இல்லை. ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கேள்வி அன்று. அது நம் சொல்லைக் கேட்குமா என்பதும் கேள்விதான்.

பாடநூல் மின்தேக்கியின் சிக்கல்

இனி நம் பாடநூலைத் திறப்போம். இணைத்தட்டு மின்தேக்கியை நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டு உலோகத் தட்டுகள், நடுவே சிறு இடைவெளி. ஒரு தட்டில் நேர் மின்னூட்டமும் மற்றதில் எதிர் மின்னூட்டமும் சேர்கின்றன. அதன் மின்தேக்குத் திறனை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

மின்தேக்குத் திறன் = இடைப்பொருளின் மாறிலி × தட்டின் பரப்பு ÷ இடைவெளி

பரப்பு கூடினால் திறன் கூடும். இடைவெளி குறைந்தாலும் திறன் கூடும்.

ஃபாரட் என்பது மிகப் பெரிய அலகு என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். எவ்வளவு பெரியது? காற்றை இடைப்பொருளாக வைத்து, 1 மி.மீ. இடைவெளியில் 1 ஃபாரட் மின்தேக்கி செய்ய வேண்டுமானால் தட்டின் பரப்பு சுமார் 11.3 கோடி சதுர மீட்டர், அதாவது 113 சதுர கிலோமீட்டர் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் பத்தரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சதுரத் தகடு! அதை விரித்தால் சிவகாசியும் திருத்தங்கலும் சுற்றியுள்ள பல சிற்றூர்களும் அதனடியில் மறைந்து போகும்.

ஆனால் இன்று கடைகளில் விற்கும் மீமின்தேக்கி ஒன்றின் திறன் 3,000 ஃபாரட். அதன் உயரம் சுமார் 14 செ.மீ., விட்டம் 6 செ.மீ., எடை அரைக் கிலோ. ஒரு கையில் பிடித்துவிடலாம். பல ஊர்களை மூடும் தகடு எப்படிக் கைக்குள் அடங்கியது? வாய்பாட்டில் உள்ள இரண்டு அளவுகளையும் ஒருசேர மாற்றியதால்தான். இடைவெளியை மூலக்கூறின் அளவுக்குக் குறைத்தார்கள். பரப்பைக் கரியின் துளைகளுக்குள் ஒளித்து வைத்தார்கள்.

மூலக்கூறு அளவில் ஓர் இடைவெளி

முதலில் இடைவெளியைப் பார்ப்போம். உப்புக் கரைசல் போன்ற ஒரு மின்பகுளியில் இரண்டு கரித் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் அமிழ்த்தி, ஒரு மின்கலத்தோடு இணைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தகட்டில் எதிர் மின்னூட்டம் சேர்கிறது. உடனே கரைசலில் உள்ள நேர் அயனிகள் அத்தகட்டை நோக்கி ஓடிவந்து, அதன் மேற்பரப்பை ஒட்டி வரிசை கட்டி நிற்கின்றன. மற்றத் தகட்டை எதிர் அயனிகள் சூழ்கின்றன.

தகட்டிலுள்ள மின்னூட்டம் ஒரு வரிசை. அதன் எதிரே நிற்கும் அயனிகள் இன்னொரு வரிசை. இரண்டும் சேர்ந்தால் ஒரு மின்தேக்கி ஆகிவிட்டது! இவற்றுக்கிடையே உள்ள தூரம் ஒரு நானோமீட்டரை விடக் குறைவு. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இந்த அமைப்புக்கு மின் இரட்டை அடுக்கு என்று பெயர். செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கியிருந்தார்.

அயனிகள் தகட்டோடு வேதிவினை புரியவில்லை என்பதைக் கவனியுங்கள். அருகில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான். மின்னூட்டத்தை இறக்கினால் கலைந்து கரைசலுக்குத் திரும்பிவிடுகின்றன. சாதாரண மின்கல அடுக்கில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு முறையும் பொருள் வேதிமாற்றம் அடைகிறது. மின்முனை வீங்குகிறது, சுருங்குகிறது, நாளடைவில் தேய்கிறது. அதனால்தான் கைப்பேசியின் மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடுகிறது. மீமின்தேக்கியோ சுமார் 10 இலட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் பெரும்பாலும் தாங்குகிறது. வேதிவினையின் வேகத்துக்குக் காத்திருக்க வேண்டாத காரணத்தால் சில நொடிகளிலேயே ஏறவும் இறங்கவும் செய்கிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குப் பிறகு நூறாண்டுகள் வரை இதைக் கருவியாக்க யாரும் முனையவில்லை. 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கர் என்பவர் நுண்துளைக் கரியை மின்முனையாகக் கொண்ட மின்தேக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1978-இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் இத்தகைய கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் இட்ட பெயர்தான் ‘சூப்பர் கெப்பாசிட்டர்’.

பரப்பைப் பெருக்குவது எப்படி?

இடைவெளி குறைந்துவிட்டது. இனிப் பரப்பு வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

பக்கத்துக்கு 1 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒவ்வொரு பக்கமும் பத்தாக வெட்டினால் 1 மி.மீ. பக்கமுள்ள 1,000 சிறு கனசதுரங்கள் கிடைக்கும். இப்போது மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. கன அளவு மாறவில்லை. பரப்பு மட்டும் பத்து மடங்கு ஆகிவிட்டது. இப்படியே வெட்டிக்கொண்டே போனால் பக்கம் பத்தில் ஒன்றாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் பரப்பு பத்து மடங்காகும். பக்கம் 1 நானோமீட்டர் ஆகும்போது மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர்!

அப்படியானால் கரியை மேலும் மேலும் அரைத்தால் போதாதா? போதாது. பட்டாசுக்கு அது சரி, மின்முனைக்குச் சரிப்படாது. மின்னூட்டம் ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குப் போக வேண்டும் அல்லவா? அளவுக்கு மீறி நுண்ணிய தூளில் ஒவ்வொரு தொடுமுனையும் ஒரு தடையாகிவிடும். எனவே, துகளை உடைக்காமல் அதன் உள்ளேயே துளைகளைக் குடைவதுதான் சிறந்த வழி. வீட்டை இடிக்காமல் உள்ளே அறைகளைப் பெருக்குவது போன்றது இது. சுவர்கள் தொடர்ச்சியாக இருப்பதால் மின்சாரம் தடையின்றி ஓடும். அறைகளின் சுவர்ப் பரப்பெல்லாம் அயனிகளுக்குக் கிடைக்கும்.

இவ்வாறு குடைந்த நல்ல கரியில் ஒரு கிராமுக்கு 1,500 சதுர மீட்டர் பரப்பு இருப்பது சாதாரணம். ஒரு சென்ட் நிலம் சுமார் 40.5 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 37 சென்ட்! பதினொரு கபடி ஆடுகளங்களை அமைத்துவிடலாம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் இவ்வளவு நிலமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இரட்டை அடுக்கில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 ஃபாரட் வரை தேக்கலாம். எனவே 1,500 சதுர மீட்டருக்கு 150 ஃபாரட். இது ஒரு மின்முனைக்குரிய கணக்கு. ஒரு கலத்தில் இரண்டு மின்முனைகள் தொடரிணைப்பில் இருக்கின்றன. சம அளவுள்ள இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக இணைத்தால் திறன் பாதியாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பக்கத்துக்கு ஒரு கிராம் கரி வைத்த கலத்தின் திறன் 75 ஃபாரட். நடைமுறையில் எல்லாத் துளைகளுக்குள்ளும் அயனிகள் நுழைவதில்லை. அதனால் கிடைப்பது இதைவிடக் குறையலாம்.

37 சென்ட்டை அளந்தது யார்?

கண்ணுக்குத் தெரியாத துளைகளின் சுவரை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? நியாயமான கேள்வி. இதற்கு ஓர் அழகான வழியை புருனோயர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் 1938-இல் வகுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை பி.இ.டி. முறை என்கிறார்கள்.

ஓர் அறையின் தரைப் பரப்பைத் தெரிந்துகொள்ள அதில் எத்தனை ஓடுகள் பதித்திருக்கிறது என்று எண்ணினால் போதும் அல்லவா? இங்கே ஓடு என்பது நைட்ரஜன் மூலக்கூறு. கரியை நன்றாகக் காயவைத்து, சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியசு குளிரில் வைத்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். மூலக்கூறுகள் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வாயு உள்ளே போயிற்று என்று அளந்து, அதிலிருந்து ஒற்றை அடுக்காகப் பரவத் தேவையான அளவைக் கணக்கிடுவார்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு அடைக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர். எண்ணிக்கையை இதனால் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும்.

நம் ஒரு கிராம் கரி, சுவர் முழுதும் ஒற்றை அடுக்காக மூட எவ்வளவு நைட்ரஜனை விழுங்க வேண்டும் தெரியுமா? திட்ட வெப்ப அழுத்த நிலையில் அளந்தால் சுமார் 345 கன செ.மீ.! ஒரு சிட்டிகைத் தூள், ஒரு பெரிய டம்ளர் நிறைய வாயுவைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது.

மூட்டத்திலிருந்து மின்முனை வரை

மரம் எப்படிக் கரியாகிறது? மூட்டத்தில் விறகை நெருக்கமாக அடுக்கி, வைக்கோல் அல்லது இலைதழையால் மூடி, அதன்மேல் மண்ணைப் பூசி, சிறு புகைத்துளைகள் மட்டும் விட்டு நெருப்பு வைக்கிறார்கள். காற்று போதாமையால் மரம் முற்றாக எரிவதில்லை. வெப்பத்தில் நீரும் ஆவியாகக்கூடிய பொருள்களும் வெளியேறுகின்றன, கார்பன் எஞ்சுகிறது. மரத்தில் நீரேற்றிய நாளங்கள் இருந்த இடமெல்லாம் கரியில் குழாய்களாக நிலைத்துவிடுகின்றன. எனவே எந்த விறகுக் கரியும் பிறவியிலேயே துளையுள்ளதுதான். ஆனால் அத்துளைகள் பருமனானவை. நுண்துளைகள் பல, தார் போன்ற கழிவுகளால் அடைபட்டுக் கிடக்கும்.

அடைப்பைத் திறந்து புதிய துளைகளைக் குடைவதற்குச் செயலூட்டுதல் என்று பெயர். கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியசு வரை சூடாக்கி, அதன்மேல் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகி வெளியேறும். ஒவ்வோர் அணுவாகக் கார்பன் அரித்தெடுக்கப்பட, அந்த இடத்தில் துளை உண்டாகிறது. கறையான் மரத்தைக் குடைவதைப் போல! கரியின் எடையில் பெரும்பகுதியை இவ்வாறு இழந்துதான் பரப்பைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து சூடாக்குவது இன்னொரு வழி. இதில் பரப்பு இன்னும் கூடும், செலவும் கூடும். இப்படிப் பெறும் கரிக்குச் செயலூட்டிய கரி என்று பெயர். குடிநீர் வடிகட்டிகளில் இருப்பதும் இதே இனம்தான்.

மீமின்தேக்கித் தொழிலில் பெரிதும் விரும்பப்படும் மூலப்பொருள் எது தெரியுமா? நம் தேங்காய்ச் சிரட்டை! அது கடினமானது, அதன் கரியில் நுண்துளைகள் நிறைய அமைகின்றன, சாம்பலும் குறைவு. தமிழ்நாடு, கேரளம், இலங்கை ஆகிய பகுதிகளிலிருந்து சிரட்டைக் கரியும் செயலூட்டிய கரியும் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வெடிமருந்துக்கான கரியைச் சுமார் 400 டிகிரியை ஒட்டிய மிதமான வெப்பத்தில் சுடுவது நல்லது. அதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஓரளவு மிஞ்சியிருக்கும், எளிதில் தீப்பற்றும். ஆனால் அந்தக் கரி மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. 700, 800 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் கார்பன் அணுக்கள் தேன்கூட்டு வடிவத் தளங்களாக இணைந்து, எலக்ட்ரான்கள் நடமாட வழி உண்டாகும். அப்போது அது எளிதில் தீப்பற்றாது. ஒரே மரம், வெப்பம்தான் வேறு. ஒன்று எரிவதற்குப் பிறந்த கரி, மற்றது தாங்குவதற்குப் பிறந்த கரி.

இதன்பின் கரியை மென்தூளாக்கி, ஒட்டும் பொருள் சிறிது சேர்த்துக் கூழாக்கி, அலுமினியத் தகட்டுத்தாளில் மெல்லிய பூச்சாகப் பூசுகிறார்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே அயனிகளை மட்டும் விடும் தடுப்புத் தாளை வைத்துப் பாயைப் போல் சுருட்டி, உருளைக்குள் இட்டு, மின்பகுளியை நிரப்பி மூடினால் மீமின்தேக்கி தயார்.

தேர் வீதியும் சந்தும்

பரப்பு கூடினால் போதும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். ஆனால் துளையின் அகலமும் முக்கியம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ரத வீதிகளில்தான் ஓடும். அங்கிருந்து தெருக்கள் பிரிகின்றன, தெருக்களிலிருந்து சந்துகள். மக்கள் குடியிருப்பது பெரும்பாலும் தெருவிலும் சந்திலும். சந்துகள் மட்டுமே உள்ள ஊரில் நெரிசல் தாங்காது. தேர் வீதிகள் மட்டுமே உள்ள ஊரில் குடியிருக்க இடம் போதாது. கரியும் அப்படித்தான். 50 நானோமீட்டருக்கு மேற்பட்டவை பெருந்துளைகள். 2 முதல் 50 வரை இடைத்துளைகள். 2-க்குக் குறைந்தவை நுண்துளைகள். பெருந்துளையும் இடைத்துளையும் அயனிகள் விரைந்து செல்லும் வழிகள். மின்னூட்டத்தின் பெரும்பகுதி தங்குவது நுண்துளைகளில். எந்த அளவில் எத்தனை துளை என்ற விகிதத்தை அமைப்பதில்தான் இத்துறை ஆய்வாளர்களின் உழைப்பெல்லாம் செல்கிறது.

இதில் ஒரு வியப்பும் நேர்ந்தது. கரைசலில் உள்ள அயனி தனியாக இருப்பதில்லை. கரைப்பான் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். வழக்கமான ஒரு நேர் அயனியின் அகலம் சுமார் 0.7 நானோமீட்டர், சூழ்ந்தவற்றோடு சேர்த்தால் 1.3. ஆகவே ஒரு நானோமீட்டரை விடக் குறுகிய துளைகள் வீண் என்றே பலரும் நம்பினர். 2006-இல் யூரி கோகோட்சி, பாட்ரிஸ் சிமோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை மாற்றியது. ஒரு நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் ஒரு சதுர மீட்டருக்குரிய மின்தேக்குத் திறன் குறைவதற்குப் பதில் கூடியது! குடையை விரித்துக்கொண்டு குறுகிய சந்தில் நுழைய முடியாது, மடக்கினால் நுழையலாம். அயனிகள் தம்மைச் சூழ்ந்த மூலக்கூறுகளை ஓரளவு உதறிவிட்டு உள்ளே நுழைகின்றன. சுவருக்கு மிக அருகில் நிற்பதால் இடைவெளி குறைகிறது, திறன் கூடுகிறது. நாம் முதலில் எழுதிய வாய்பாட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

வரவு செலவுக் கணக்கு

இனி நேர்மையாகக் கணக்குப் பார்ப்போம். மின்தேக்கியின் ஆற்றல், திறனில் பாதியை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். 3,000 ஃபாரட் கலத்தை 2.7 வோல்ட் வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் உள்ளிருக்கும் மின்பகுளி சிதையத் தொடங்கும். ஆகவே ஆற்றல் = 1,500 × 7.29 = 10,935 ஜூல். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரை ஏழு மாடி உயரத்துக்குத் தூக்கலாம். கலத்தின் எடை அரைக் கிலோ. எனவே கிலோவுக்குச் சுமார் 20,000 ஜூல்.

ஒரு கிலோ கருமருந்தில் 30 இலட்சம் ஜூல். ஒரு கிலோ நல்ல லித்தியம் மின்கலத்தில் சுமார் 7 இலட்சம் ஜூல். மீமின்தேக்கியில் 20,000 மட்டும். தோற்றுவிட்டது போல் தெரிகிறது அல்லவா? ஆனால் கருமருந்து ஒரு முறை. மீமின்தேக்கி 10 இலட்சம் முறை. தன் வாழ்நாளில் ஒரு கிலோ மீமின்தேக்கி வாங்கிக் கொடுக்கும் ஆற்றல் 2,000 கோடி ஜூல் வரை போகும். அது ஆறரை டன்னுக்கு மேற்பட்ட கருமருந்தின் ஆற்றலுக்குச் சமம். ஒன்றை மறக்கக் கூடாது: கருமருந்து தன்னிடமுள்ள ஆற்றலைத் தருகிறது, மீமின்தேக்கியோ நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது. அது சம்பாதிக்கும் பிள்ளை அன்று, நம்பகமான கருவூலக்காரன். அதிலும் நாள் கணக்கில் சும்மா வைத்தால் மின்னூட்டம் சிறிது சிறிதாகக் கசிந்துவிடும்.

எனவே நீண்ட நேரம் சேமிக்க மின்கலம். சட்டென்று வாங்கிச் சட்டென்று கொடுக்க மீமின்தேக்கி. ஷாங்காய் நகரில் 2006 முதல் மீமின்தேக்கிப் பேருந்துகள் ஓடவிடப்பட்டன. நிறுத்தத்தில் பயணிகள் ஏறி இறங்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொண்டன. தடை போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து வைக்கவும், காற்றாலை இறக்கைகளின் கோணத்தை அவசரத்தில் திருப்பவும் இவை உதவுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தைக் கொண்டு, கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம் 2024-இல் கண்ணூரில் மீமின்தேக்கி உற்பத்தியைத் தொடங்கியது.

நமக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளிக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்டது. மின்கலங்களோடு மீமின்தேக்கிகளும் அங்கே ஆராயப்படுகின்றன.

நம் சீமைக்கருவேலங் கரியிலிருந்தும் மின்முனை செய்து பார்த்த ஆய்வுகள் வெளிவந்துள்ளன. நிலத்துக்குக் கேடு என்று சென்னை உயர் நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம், மின்னூட்டத்தைத் தேக்கப் பயன்படுமானால் நல்லதுதானே? ஆனால் ஆய்வகத்தில் ஒரு கிராம் வெற்றி பெறுவது வேறு. ஆலைக்கு ஆயிரம் மூட்டை அனுப்புவது வேறு. மூட்டத்துக்கு மூட்டம் வெப்பம் மாறும். மண்ணும் சாம்பலும் கலக்கும். மின்முனைக் கரியிலோ எல்லா மூட்டையிலும் ஒரே அளவுத் துளைகள் இருக்க வேண்டும். சாம்பல் மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்க வேண்டியவர்கள் இதைப் படிக்கும் உங்களிலிருந்துதான் வர வேண்டும். மூட்டம் போடத் தெரிந்த கைகளும் வேதியியல் படித்த கண்களும் ஒரே ஊரில் இருப்பது சிறிய வாய்ப்பன்று.

செய்து பாருங்கள்

1. இஸ்திரி போடுபவரிடம் விறகுக் கரியும் சிரட்டைக் கரியும் சில துண்டுகள் வாங்குங்கள். பள்ளி ஆய்வகத்திலுள்ள மல்டிமீட்டரின் இரு முனைகளையும் 1 செ.மீ. இடைவெளியில் அழுத்தி மின்தடையைக் குறியுங்கள். துண்டுக்குத் துண்டு எவ்வளவு வேறுபடுகிறது? எந்தத் துண்டு அதிக வெப்பத்தில் சுடப்பட்டிருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா?

2. மின்னணுப் பொருள் கடையில் 5.5 வோல்ட், 1 ஃபாரட் மீமின்தேக்கி ஒன்றும், 16 வோல்ட், 1,000 மைக்ரோஃபாரட் சாதாரண மின்தேக்கி ஒன்றும் வாங்குங்கள். மூன்று 1.5 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைத்து, நேர், எதிர் முனைகளைச் சரியாகப் பார்த்து, இரண்டையும் தனித்தனியே மின்னேற்றுங்கள். மீமின்தேக்கிக்குச் சில நிமிடங்கள் கொடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் 330 ஓம் மின்தடை வழியாக ஒரு சிவப்பு எல்.இ.டி. விளக்கோடு இணையுங்கள். ஒன்று கண் சிமிட்டிவிட்டு அணையும். மற்றது பல நிமிடங்கள் எரிந்து மெல்ல மங்கும். நேரத்தை அளந்து வரைபடம் வரையுங்கள். வீட்டு மின்சாரத்தோடு எதையும் இணைக்கக் கூடாது.

சிந்தியுங்கள்

1. மீமின்தேக்கியின் மின்னழுத்தம் பாதியாகக் குறையும்போது அதிலுள்ள ஆற்றலில் எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும்?

2. ஒரு கரியின் பரப்பு கிராமுக்கு 2,000 சதுர மீட்டர். ஆனால் அதில் பாதி, அயனிகள் நுழைய முடியாத துளைகள். இன்னொரு கரியின் பரப்பு 1,200; முழுதும் பயன்படுகிறது. மின்முனைக்கு எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

3. உங்கள் ஊரில் எரித்தோ எறிந்தோ வீணாக்கப்படும் தாவரப் பொருள்கள் எவை? அவற்றில் கரியாக்கத் தக்கவை எவை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தை எழுதுங்கள்.